நிலாக் குகையும் அத்தியடிக் குளக்கட்டும்

“…நிலாவில இரிக்கிற குகைக்குள்ள ஒரு ஆள் போய்ப் பாய் விரிச்சு நிம்மதியாப் படுக்கலாம், விதானையார். உங்கட கட்டுக்குள்ள இரிக்கிற குகைக்குள்ள இப்ப ஒரு தவளை கூடப் படுக்கேலா,” என்றார் எங்கள் எஞ்சினியர் மிஸ்.

மார்கழி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை அது. சித்தாண்டிக்கு மேற்கே, வயல்களைக் கடந்து உள்ளே போனால் வருகிற அத்தியடிக் குளத்தின் கட்டுக்குக் கீழே, முழங்கால் சேற்றில் மிஸ் நின்றார். கையில் குடை இருந்தது. அதை விரிக்காமல் ஊன்றிக்கொண்டு நின்றார். சுற்றி நின்ற விவசாயிகளின் கண்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. கட்டின் அடியில், புல்லுக்குள்ளிருந்து, பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் கொப்பளித்து வந்துகொண்டிருந்தது.

“நிலாவ விடுங்க மிஸ்,” என்றார் வட்டவிதானை சாமித்தம்பி. அந்த வட்டையிலுள்ள வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதற்காக விவசாயிகள் தங்களுக்குள் தெரிவுசெய்து வைத்திருந்த தலைவர் அவர். “நீங்க படிச்ச ஆக்கள். பாத்துச் சொல்லிப்போட்டு டவுணில மேல்மாடியில போய்ப் படுப்பீங்க. நாங்கதான் இந்தக் கட்டுக்குக் கீழ படுக்கிறம்.”

அதற்கு மிஸ்ஸின் பதில் அன்று பொழுதுபடத்தான் வந்தது. அதைச் சொல்வதற்கு முன், ஒரு குளக்கட்டுச் சண்டைக்குள் நிலா எப்படி வந்தது என்று நான் சொல்லியாகவேண்டும்.

நான் செட்டிபாளையத்தான். ஒருபக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். குளம் என்ற ஒன்றை, வாவியைத் தாண்டி வேலைக்குப் போன பிறகுதான் சரியாகக் கண்டேன். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. குளங்களைப் பராமரிக்கிற அரசாங்கக் கந்தோரில் கூலியாளாகச் சேர்ந்து, கட்டில் புல் செருக்கி, தண்ணீர் திறந்துவிடுகிற துருசுக் கதவுக்குக் கிறீஸ் பூசி, மண்மூட்டை சுமந்து, கடைசியில் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். இடையில் பட்டதெல்லாம் எல்லா உத்தியோகத்திலும் படுவதுதான். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். நான் புத்தகத்தில் படித்ததைவிட ஆட்களின் வாயிலிருந்து பொறுக்கியது கூட. நல்ல சொல் ஒன்று காதில் விழுந்தால் அன்றைக்கு முழுக்க அதை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன். கட்டு றோட்டைப் பற்றி எங்கள் லொறிச் சாரதி ஒருவன் சொன்னான்: “இதால ஒருக்காப் போய் வந்தா ஈரல் எங்க இரிக்கு, இரைப்பை எங்க இரிக்கு எண்டு வைத்தியரக் கேக்கத் தேவையில்ல.” இப்படியானவைதான் என் சேமிப்பு.

இதை எழுத வைத்தவர்கள் என் பழைய கந்தோர்ப் பிள்ளைகள். இப்போது அவர்களிடம் பறக்கிற கமரா இருக்கிறது. கட்டுக்கு மேலே அதை ஓடவிட்டால், எந்த இடம் ஈரம், எந்த இடம் தாழ்ந்திருக்கிறது என்று திரையில் காட்டிவிடும். அதைக் காட்டத்தான் என்னை ஒருநாள் கூப்பிட்டிருந்தார்கள். தர்சினி என்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர் தன் கைப்பேசியில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்று நிலாவின் தரையில் இருக்கிற குழி, மற்றது நம்முடைய கட்டில் இருக்கிற குழி, எது எது என்று கேட்டார். இரண்டும் வட்டம். இரண்டுக்கும் நடுவில் கறுப்பு. நான் உற்றுப் பார்த்தேன், பிடிபடவில்லை. “ரெண்டும் கூரை விழுந்த இடம், புள்ள. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றேன். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. இதை யார் உங்களுக்குச் சொன்னது என்று கேட்டார். நான் மிஸ்ஸின் கதையைத் தொடங்கினேன். தேத்தண்ணி ஆறிப் போனது. “ஐயா, கதைச்சாக் காத்தோட போயிரும். எழுதித் தாங்க” என்றார்.

மிஸ் மட்டக்களப்பு டவுணில் பறங்கிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பெயர் இரேனி. தகப்பன் இரும்புப் பட்டறை வைத்திருந்தவர். பட்டறைச் சத்தத்துக்கு மேலாகக் கதைத்துப் பழகியதாலோ என்னவோ, மிஸ் குளத்தின் இந்தக் கரையில் நின்று கதைத்தால் அந்தக் கரையில் மாடு மேய்க்கிறவர் திரும்பிப் பார்ப்பார். எங்கள் கந்தோருக்கு வந்த முதல் நாளே, மற்றவர்கள் கலண்டர் மாட்டுகிற சுவரில் அவர் ஒரு படத்தை ஒட்டினார். மண்ணிறத்தில் ஒரு மலைச்சரிவு. அதில் வட்ட வட்டமாகக் குழிகள், கொஞ்சம் வளைந்த ஒரே வரிசையில், சாக்குத் தைத்த ஊசித் துளைகளைப் போல.

இது எந்தக் குளத்துக் கட்டு மிஸ் என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அது செவ்வாய்க் கிரகம் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “ஆனா நீங்க கேட்ட கேள்வி சரி, தவராசா அண்ணன். அதும் ஒரு கட்டு மாதிரித்தான்” என்றார்.

அன்றைக்குத் தொடங்கிய பேச்சு, நாங்கள் ஒன்றாக வேலை செய்த காலம் முழுவதும் ஓடியது. ஜீப்பில், மரநிழலில், சோற்றுப் பார்சல் விரித்த இடத்தில் எல்லாம். குகை என்றால் என்ன என்பதற்கு மிஸ் வைத்திருந்த விளக்கம் இவ்வளவுதான்: ஏதோ ஒன்று எழும்பிப் போன இடம். ஆகவே எந்தப் பொந்தைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்கவேண்டும். என்ன போனது? எப்படிப் போனது? இன்னும் போகிறதா?

ஒருமுறை கந்தோர் வேலையாக யாழ்ப்பாணம் போனோம். அங்கே நிலத்துக்கு அடியில் சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கொஞ்சம் புளிப்பை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, அந்தக் கல்லைக் கரைத்துக் கரைத்துக் குகையாக்கிவிடும். சில கிணறுகளுக்கு அடி இல்லை என்று ஆட்கள் சொல்வது அதனால்தான். தேத்தண்ணிக் கடையில் கேத்தில் மூடியைத் திறந்து உள்ளே பார்க்கச் சொன்னார் மிஸ். அடியில் வெள்ளையாகக் கல் படிந்திருந்தது. “என்ன போனது எண்டு கேட்டீங்கதானே? இதுதான். குகையால எழும்பி வந்து கேத்திலுக்குள்ள குந்திக்கொண்டிரிக்கு.” கடைக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நம்முடைய குடும்பிமலைப் பக்கத்துக் குகைகளில் கல் கரையவில்லை. அங்கே இருப்பது கருங்கல். பெரும் பாறைகள் வெடித்துச் சாய்ந்து ஒன்றின்மேல் ஒன்று தாங்கி நிற்க, இடையில் இருந்த மண்ணை மழை கொண்டுபோய்விட்டது. போனது மண், மிஞ்சியது கூரை.

நிலாவில் வேறு கதை. அங்கே மிகப் பழைய காலத்தில் நெருப்புக் குழம்பு ஆறாக ஓடியிருக்கிறது. மேலே ஆடை கட்டி இறுகிவிட, உள்ளே குழம்பு ஓடி முடிந்து, வெறுங்குழாய் மிஞ்சியது. அங்கே எல்லாப் பாரமும் குறைவு என்பதால் நம் பூமியில் நிற்காத அகலத்துக்கும் கூரை நிற்குமாம். செவ்வாயிலும் அப்படியான குழாய்கள் உண்டு. கூரை அங்கங்கே விழுந்த இடங்கள்தான் மேலே இருந்து பார்க்கக் குழிகளாகத் தெரிகின்றன. சனிக் கிரகத்தைச் சுற்றுகிற பெரிய நிலா ஒன்றில் இன்னும் விசித்திரம். அங்கே பெய்கிற மழை தண்ணீரே இல்லை. நாம் அடுப்பில் எரிக்கிற வாயுவுக்குச் சொந்தக்கார வாயு ஒன்று, அந்தக் குளிரில் திரவமாகி மழையாக விழுகிறது. மேலே இருந்து எடுத்த படங்களில் அங்குள்ள நிலம், சுண்ணாம்பு நாடு மாதிரியே வெட்டுண்டு கிடக்கிறது. அந்த மழை அந்த நிலத்தைக் கரைக்கிறதா என்று அடித்துச் சொல்ல இன்னும் ஆளில்லை என்றார் மிஸ். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோசம் வரும். விருந்துக்கு அழைப்பு வந்தவர் போல இருப்பார்.

இத்தனையும் எதற்கு என்றால், குளக்கட்டும் குகை பிறக்கிற இடம்தான். மண்ணால் கட்டிய கட்டு. ஒருபக்கம் தண்ணீரின் பாரம். கறையான், உடும்பு, முள்ளம்பன்றி, உக்கின வேர் என்று எதுவாவது ஒரு வழியைத் திறந்து வைத்தால், தண்ணீர் அதற்குள் புகுந்து மண்ணைத் துகள் துகளாகக் கொண்டு போகும். வழி அகலமாகும். அகலமானால் தண்ணீர் கூடும். கூடினால் மண் இன்னும் போகும். நிலாக் குகை முடிந்துபோன கதை. சுண்ணாம்புக் குகை பல தலைமுறைக் கதை. மண்கட்டுக் குகை ஒரு பகல் கதை. அதனால் எங்களுக்கு மூன்றாவது கேள்விதான் உயிர்.

அதற்கு மிஸ் வைத்திருந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இளம் பிள்ளைகள் அதைத்தான் கேட்டார்கள். ஒரு கட்டைப் பார்க்கப் போனால் மிஸ் மூன்று தரம் நடப்பார். முதலில் மேலே, கட்டின் முதுகில். அப்போது கதை இல்லை, குடை முனையால் தட்டிக்கொண்டு போவார், சத்தம் மாறுகிற இடத்தில் நிற்பார். பிறகு தண்ணீர்ப் பக்க ஓரத்தால், நுரையும் சருகும் எங்கே சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டு. மூன்றாவதாக வெளிப்பக்க அடியால். அங்கே செருப்பைக் கழற்றிவிடுவார். மண்ணுக்குள்ளால் வருகிற தண்ணீர் குளிர்ச்சி. வெயிலில் கிடந்த சேறு சூடு. கண்ணுக்கு முன்னே உள்ளங்கால் அதைக் கண்டுபிடித்துவிடும்.

கசிவு கண்டால் போத்தல். ஜீப்பில் எப்போதும் ஒரு பெட்டி வெறும் சோடாப் போத்தல் இருக்கும். கசிகிற தண்ணீரை நிரப்பி, அசையாமல் வைத்து, அடியில் மண் படிகிறதா என்று பார்ப்பார். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கட்டு வேர்க்கிறது, பயமில்லை. கலங்கல் வந்தால் கட்டு போகிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு போத்தல் எடுத்து வரிசையாக வைத்தால், நோயாளியின் காய்ச்சலை அளந்து பார்க்கிற மாதிரி, கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

இனி அத்தியடிக் குளத்துக்கு வருகிறேன்.

விடிய சாமித்தம்பியர் தொலைபேசியில் கூப்பிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளம் முட்டி, மிஞ்சின தண்ணீர் போகிற வான் பாய்ந்துகொண்டிருந்தது. துருசையும் திறந்துவிட்டிருந்தார்கள். ஆனால் உள்ளே வருகிற வெள்ளத்துக்கு அதெல்லாம் போதவில்லை. கட்டுக்குக் கீழே ஒரு சின்னக் குடியிருப்பு. பெண்கள் பிள்ளைகளையும் ஆடுகளையும் சாமான் மூட்டைகளையும் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். குடியிருப்புக்கு அப்பால் வட்டை முழுவதும் வெள்ளாமை குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் வயிற்றுக்குள் இருக்கிற நேரம்.

வழி இரண்டுதான் தெரிந்தது. தெற்கு ஓரத்தில் நாங்களே கட்டை வெட்டித் தண்ணீரை விட்டால் வீடுகள் தப்பும். பாதி வெள்ளாமை அடித்துக்கொண்டு போகும், அடுத்த போகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இருக்காது. வெட்டாமல் இருந்து கட்டு தானாகப் போனால் வீடுகளும் போகும். மதியம் திரும்புவதற்குள் கலங்கல் குறையாவிட்டால் வெட்டுவது என்று மிஸ் முடிவு சொன்னார். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் கொதித்தார்கள்.

அவர்கள் மூன்றாவது வழி ஒன்று சொன்னார்கள். தண்ணீர் வருகிற வாயில் மண்மூட்டைகளைப் போட்டு அடைத்துவிடுவது. மூட்டைகளும் கட்டித் தயாராக இருந்தன. மிஸ் குடையைக் குறுக்கே நீட்டி மறித்தார். வாயை அடைத்தால் தண்ணீர் நிற்காது, உள்ளே பாரம் ஏறி வேறொரு வாயைத் திறக்கும், அந்த வாய் எங்கே திறக்கும் என்று யாருக்கும் தெரியாது என்றார். அந்தச் சண்டையில்தான் நிலாக் குகையும் தவளையும் வந்தன. மேல்மாடிக் கதையும் வந்தது.

பிறகு சாமித்தம்பியர்தான் தன் ஆட்களை அடக்கினார். “சரி, இப்ப மிஸ் சொல்றதச் செய்வம். மறுகா ஏசுவம்” என்றார்.

தண்ணீர் வருகிற வாயைச் சுற்றி, கிணற்றுக்கு வளையம் வைத்தது போல மண்மூட்டைகளை அடுக்கினோம். உள்ளே முதலில் ஆற்று மணல், அதன்மேல் சின்னச் சல்லி, அதன்மேல் பெரிய கல். தண்ணீர் வரலாம், மண் வரக்கூடாது. அதுதான் கணக்கு. போத்தலில் கலங்கல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. உள்வாயைக் கண்டுபிடித்து மூடினால்தான் நிற்கும். உள்வாயோ குளத்துக்குள், தண்ணீருக்கு அடியில் இருந்தது. காற்றுக்கு அலையடித்துக்கொண்டிருந்ததால் சுழி எதுவும் கண்ணில் படவில்லை. நீந்தத் தெரிந்த ஆட்கள் இறங்கிக் காலால் தடவிப் பார்க்கிறோம் என்றார்கள். மிஸ் விடவில்லை. “உறிஞ்சிற வாய்க்கு ஆளும் ஒண்டு, சருகும் ஒண்டு.”

அப்போது மிஸ், சாமித்தம்பியரிடம் சாதாரணமாகக் கேட்பது போல ஒன்று கேட்டார். மழைக்கு முன் நீங்கள் கட்டில் துவாரம் அடைப்பீர்களே, இந்தப் பக்கம் யாராவது ஏதாவது அடைத்தார்களா என்று.

அத்தியடியில் ஒரு வழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வயல் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு குடும்பத்துக்கும் கட்டில் ஒரு பங்கு. மழை தொடங்குமுன் ஒருநாள் எல்லாரும் கூடி, பொங்கி, அவரவர் பங்கில் இருக்கிற பொந்து பள்ளம் எல்லாவற்றையும் களிமண்ணும் வைக்கோலும் குழைத்து அடைத்து, மேலே இடித்து மெழுகிவிடுவார்கள். தன் பங்கில் ஒரு பள்ளமும் இல்லை என்று காட்டுவது ஒவ்வொருவருக்கும் மானம். கந்தோரிலிருந்து நாங்கள் பார்க்கப் போவது அதற்குப் பிறகு. கட்டு மெழுகின தரை மாதிரி இருக்கும். பார்த்து, மெச்சிவிட்டு வருவோம்.

சாமித்தம்பியர் தன் பங்கில் ஒரே ஒரு பள்ளம்தான், வருடாவருடம் அதே இடத்தில் தாழும், வருடாவருடம் நிரப்புகிறேன் என்றார். பக்கத்துப் பங்குக்காரர் தனக்கும் ஒன்று உண்டு என்றார். அதற்கடுத்தவர், எனக்கும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை காலமும் ஒரே கட்டில் வேலை செய்தும், என் பள்ளம் என்று ஒருவரும் மற்றவரிடம் சொன்னதில்லை. அடைத்து முடிந்ததைப் பற்றி எதற்குக் கதைப்பது?

“எல்லாரும் நீங்க வருசாவருசம் நிரப்பிற இடத்தில போய் நில்லுங்க,” என்றார் மிஸ். “அதுக்கு மேல நிக்காதீங்க. ஒரு எட்டுத் தள்ளி நில்லுங்க.”

ஆட்கள் ஏறினார்கள். ஒவ்வொருவரும் தன் பங்கில், மெழுகின மண்ணில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடத்தைத் தேடாமலே போய் நின்றார்கள். மிஸ்ஸும் நானும் கீழே, கசிவு வாய்க்கு அருகே ஊரார் கும்பிடுகிற பழைய சூலக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம்.

கீழ்ச்சரிவில் ஒருவர், அதற்கு மேலே ஒருவர், முதுகில் இருவர், தண்ணீர்ப் பக்கமாக இன்னும் ஒருவரின் தலை. கட்டுக்குக் குறுக்கே நேராக இல்லை. சாய்வாக, கொஞ்சம் வளைந்து, நாங்கள் நின்ற கல்லடியிலிருந்து குளத்துக்குள் போகிற ஒரே வரிசை. ஆட்கள் இல்லாமல் அந்த இடங்களை மட்டும் பார்த்தால், கந்தோர்ச் சுவரில் இருக்கிற செவ்வாய் மலை.

“தவராசா அண்ணன்,” என்றார் மிஸ், தன் வாழ்நாளிலேயே மிக மெதுவான குரலில். “எங்கட படம்.”

மேலே நின்ற சாமித்தம்பியருக்குப் படம் தெரியாது. ஆனால் அவருக்கு வேறொன்று தெரிந்தது. அவர் வரிசையின் இந்த முனையைப் பார்த்தார், நாங்கள் நின்ற கல்லைப் பார்த்தார். அந்தக் கல் வைத்திருந்த இடத்தில்தான் முன்பு குளத்துக்குப் பெயர் கொடுத்த அத்திமரம் நின்றது.

“அத்தி சூறாவளியில விழுந்தது, மிஸ். அடிமரத்தத் தறிச்சு விறகாக்கின. வேர ஆரு கிண்டின?” என்றார்.

அவ்வளவுதான். முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது. போனது வேர். தண்ணீரைத் தேடிக் கட்டுக்குள்ளால் சாய்வாக ஓடின வேர், உக்கி, கறையான் தின்று, தன் தடிப்புக்கு ஒரு குழாயை விட்டுவிட்டுப் போயிருந்தது. நெருப்புக் குழம்பு ஓடி முடிந்த நிலாக் குழாய் போலவே அதுவும் பல வருடம் சும்மா கிடந்தது. கூரை அங்கங்கே இறங்கியபோதெல்லாம் பங்குக்காரர்கள் அக்கறையாக நிரப்பினார்கள். அந்த வருடம் தண்ணீர் அதுவரை ஏறாத உயரத்துக்கு ஏறி, அதன் வாயைக் கண்டுகொண்டது. “நிலாக் குகையாப் பிறந்து இப்ப மண்குகையா மாறிக்கொண்டிரிக்கு,” என்றார் மிஸ். “முழுசா மாறுறதுக்குள்ள வாங்க.”

ஆட்களை அந்த இடங்களில் தடி நட்டுவிட்டு இறங்கச் சொன்னோம். தடிகளின் வரிசையைக் கண்ணால் நீட்டிக்கொண்டு போனால் அது தண்ணீருக்குள் இறங்குகிற இடம் தெரிந்தது. தண்ணீர் புகாத பெரிய தறப்பாள் ஒன்றை இரும்புக் குழாயில் பாய் போலச் சுருட்டி, மேல் ஓரத்தைக் கட்டில் முளையடித்துக் கட்டி, குழாயைச் சரிவால் தண்ணீருக்குள் உருட்டிவிட்டோம். முதல்தரம் அலை புரட்டிவிட்டது. இரண்டாம்தரம் ஓர் எட்டு வடக்காக உருட்டினோம். பத்துப் பேர் பிடித்திருந்த கயிறு சட்டென்று இறுகியது. தறப்பாள் நடுவில் குழிந்து, யாரோ கீழே இருந்து இழுத்த மாதிரிச் சரிவோடு ஒட்டிக்கொண்டது.

“கவ்விற்று,” என்றார் சாமித்தம்பியர்.

அதன்மேல் மீன்பிடித் தோணியிலிருந்து களிமூட்டைகளை இறக்கினோம். மதியம் திரும்பியது. வெட்டுவதற்கென்று தெற்கு ஓரத்துக்கு மண்வெட்டியோடு போய் நின்றவர்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் அவர்களுக்குக் கை காட்டவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. வளையத்தடியில் குந்திப் போத்தல் நிரப்பினார். சூலக்கல்லின் படியில் ஏற்கெனவே இருந்த போத்தல்களுக்குப் பக்கத்தில் வைத்தார். பால் தேத்தண்ணி, அதற்கடுத்தது கொஞ்சம் வெளிறல், அதற்கடுத்தது கஞ்சித்தண்ணி. அடுத்ததை எடுத்தபோது அதற்குள்ளால் கட்டின் புல் பச்சையாகத் தெரிந்தது. மண்வெட்டிக்காரர்களைத் திரும்பி வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

நான் முன்னுக்கு ஓடிவிட்டு வருகிறேன். வெயில் காலம் வந்ததும் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தோம். வேர் விட்டுப்போன குழாய் மேலே கைமுட்டி போகிற அளவு, கீழே ஒரு ஆட்டுக்குட்டி போகிற அளவு. நிரப்பி, அடித்து இறுக்கி, கட்டைப் புதிதாக்கினோம். அத்தியடியார் தங்கள் வழக்கத்தை விடவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொண்டார்கள். அடைப்பதற்கு முன், அவரவர் பள்ளத்துக்குப் பக்கத்தில் அவரவர் போய் ஒருக்கா நிற்பார்கள். ஒருவர் தூர நின்று பார்ப்பார். பொங்கலுக்கு வந்த உறவினர்கள் இதென்ன சாமி என்று கேட்பதுண்டாம். வேறு குளங்களிலும் இப்போது அப்படிச் செய்கிறார்கள். பறக்கிற கமரா வந்த பிறகு, எல்லாரும் நிற்கிற நேரத்தில் மேலே இருந்து ஒரு படம். தர்சினி எனக்குக் காட்டிய படங்களில் அதுவும் ஒன்று. என்னைக் கேட்டால், நாங்கள் குடையும் போத்தலும் கொண்டு கண்டதை இந்தப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் முந்திக் காண்பார்கள். ஒரு மணித்தியாலம் என்றால் மண்கட்டுக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

இனி அந்தப் பின்னேரம்.

பொழுது சாய்ந்து, மழையும் வெளித்திருந்தது. போத்தல் வரிசையின் கடைசி இரண்டும் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தன. குளத்து மட்டமும் நாலு விரல் இறங்கியிருந்தது. ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பெண்கள் சிலர் பாதி வழி வந்து, கட்டையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளைக் கூட்டிவரலாமா, கூடாதா? போத்தலைக் கண்டு நம்ப அவர்கள் எங்களைப் போலக் கந்தோர் ஆட்களா?

சாமித்தம்பியர் கடைசிப் போத்தலைத் தூக்கி மேற்கு வெளிச்சத்துக்குப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு காலையில் வைத்திருந்த பாக்கியைத் தீர்க்கிறவர் போல, எல்லாருக்கும் கேட்கக் கேட்டார்.

“அப்ப மிஸ், இப்ப நம்மட குகையிலயும் பாய் விரிக்கலாமோ?”

“உள்ளுக்கு வேணாம், விதானையார். கீழ விரிக்கலாம்.”

ஒருவரும் அசையவில்லை.

மிஸ் போத்தல் பெட்டியை என் பக்கம் தள்ளி, விடியும்வரைக்கும் இது உங்கட பொறுப்பு அண்ணன் என்றார். சாரதியைக் கூப்பிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு டவுணுக்குப் போ, காலையில் வந்தால் போதும் என்றார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டடியில் முதலாவதாக இருந்த சாமித்தம்பியர் வீட்டுக்கு நடந்தார். சாமான் எடுக்க வந்திருந்த அவர் மனைவியிடம், “அக்கா, ஒரு பாய் இரிக்கா?” என்று கேட்டார். வாங்கி, முன் விறாந்தையில் கட்டுப் பக்கம் தலை வைத்து விரித்தார். சேறு காயாத காலோடு, குடையைப் பக்கத்தில் கிடத்தி, படுத்தார். அந்த வீட்டில் விளக்கு ஏற்றுமுன், பாதி வழியில் நின்ற பெண்களுக்கும் கேட்கிற மாதிரி, பட்டறைக்காரர் மகள் குறட்டை விடத் தொடங்கினார்.